தினம் ஒரு படம்: தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

வேம்பார், தருவைகுளம், தாளமுத்து நகர், திரேஸ்புரம், முத்தையாபுரம், பழையகாயல், காயல்பட்டினம், மணப்பாடு என்று இந்தக் கரையோர ஊர்களிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களிடம் ஒன்று கேட்கவே இதை எழுதுகிறேன். நாளையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு படம் எடுங்கள். அதற்காக எங்கும் கிளம்பிப் போக வேண்டாம். வீட்டு வாசல், பஸ் நிறுத்தம், அம்மா மீன் வாங்கும் இடம், அப்பா வேலை பார்க்கும் அளம், சாயங்காலம் நீங்கள் உட்காரும் கடற்கரைச் சுவர் என்று உங்கள் அன்றாடத்துக்குள்ளேயே எடுங்கள். போன் எந்த விலைக்கு வாங்கியதாக இருந்தாலும் சரி. ஒரு வருடம் விடாமல் எடுங்கள். நம் ஊரில் நிறைய அழகு இருக்கிறது. தினமும் பார்க்கிறவருக்குத்தான் அது அகப்படும். அப்படிப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான் என்று முழுமனதாக நம்புகிறேன்.

நம் ஊர்ப் பெயரைப் போனில் தேடிப் பார்த்திருப்பீர்கள். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வரும். 2018 மே மாதம் வரும். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த அந்த நாட்கள். 2023 டிசம்பர் வெள்ளம் வரும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் தவித்தது. இவற்றுக்கு நடுவே பனிமய மாதா திருவிழாக் கூட்டமும், அந்தி வெயிலில் கருநிழலாகத் தெரியும் உப்பளப் பெண்களும் வருவார்கள். எல்லாமே எடுக்கப்பட்டாக வேண்டிய படங்கள். எடுத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் சுடப்பட்ட நாளிலும் மூழ்கிய நாளிலும் திருவிழா நாளிலும் மட்டுமே ஓர் ஊர் இருந்ததாக ஆகிவிடக் கூடாது. மற்ற நாட்களும் இருக்கின்றன. நீங்களும் நானும் பெரும்பாலும் அந்த மற்ற நாட்களில்தான் வாழ்கிறோம்.

முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையை உலகத்துக்குத் தெரியவைத்த தொழில் அது. கொற்கை பாண்டியரின் துறைமுகமாக இருந்த காலம் தொட்டு, போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்தவர் எல்லோருக்கும் நம் கடலடியில் கிடக்கும் முத்துச்சிப்பிப் பார்களின் மேல் ஒரு கண் இருந்தது. தொள்ளாயிரம் பார் என்று சொன்னால் இன்றும் கடலோடி வயசாளிகளுக்குத் திசை தெரியும். இறங்குவதற்கு ஒரு கல், ஏறுவதற்கு ஒரு கயிறு, நடுவில் ஒரு மூச்சு. பல பாகம் ஆழத்துக்குப் போய், ஒரு நிமிடம் போல அங்கே நின்று, சிப்பியை வாரிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். சுறா வாயைக் கட்டுவதற்கென்று கடல்கட்டி என்ற ஆள் வேறு இருந்தார். அரசாங்கம் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக மீதி குளித்தவர்களுக்கு. சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 1955-லிருந்து 1961 வரை நடந்ததுதான் கடைசி. அதன் பிறகு பார்களில் சிப்பி முன்போல் சேரவில்லை, குளிப்பு நின்றுபோனது.

அந்தத் தொழிலின் படங்கள் யார் எடுத்தவை? சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1889-ல் இங்கே வந்து பார்த்துவிட்டு, மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் பற்றி அடுத்த ஆண்டு எழுதினார். முத்து, சங்குத் தொழிலை மேற்பார்வை பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் சங்கு பற்றிப் படங்களோடு ஒரு நூலே வெளியிட்டார். அவர்கள் எழுதிவைத்திராவிட்டால் எத்தனையோ விவரங்கள் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் இருவரும் அரசாங்க அதிகாரிகள். சிப்பி எத்தனை, சங்கு எத்தனை, வருமானம் எவ்வளவு என்ற கணக்கோடு வந்தவர்கள். தர்ஸ்டனோ தென்னிந்திய மக்களின் மண்டையை அளவெடுத்துச் சாதிவாரியாகப் பிரித்து எழுதிய மனிதர். கடலில் குளித்தவர் அவர்களுக்கு ஒரு தொழிலாளி வகை. அவருடைய பட்டப்பெயர் என்ன, மேலே வந்து முதல் மூச்சு வாங்கியதும் எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், எதற்குச் சிரிப்பார் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்றைக்குக் கேமரா இல்லை.

உங்களில் யாராவது ஒருவரின் தாத்தாவோ பூட்டனோ 1961-ல் கடலுக்குள் இறங்கியிருக்கலாம். வீட்டுச் சுவரில் அவர் படம் இருக்கும். ஏதோ ஓர் அட்டைக்காக எடுத்ததிலிருந்தோ, கல்யாண வீட்டுக் குழுப்படத்திலிருந்தோ முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, மாலை போட்டு, சின்ன பல்பு எரியவிட்டிருப்பார்கள். சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டிருக்கும். அவர் நனைந்து நின்ற படம் ஒன்றுகூட இருக்காது. அவர் உள்ளங்கை எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1906-ல் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக வ.உ.சி. சொந்தக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ள இனி இந்த ஊர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அழகு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை உப்பளத்தை வைத்துச் சொல்லலாம். வெளியூரிலிருந்து கேமரா தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கோடையில் ஒரு நாள் வருகிறார்கள். உப்பைக் கொட்டிவைக்கும் தட்டுமேட்டில் அம்பாரம் வெள்ளைவெளேரென்று குவிந்திருக்கும். சூரியன் இறங்கும் நேரம் பார்த்துத் தலைச்சுமையோடு நடக்கும் பெண்களை எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். படம் நன்றாகத்தான் இருக்கும். அளத்தின் ஒரு முழு வருடத்தில் அது அரை மணி நேரம்.

நீங்கள் அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிவிட்டால் அளம் முழுக்கத் தண்ணீர்க்காடாகக் கிடக்கும். வரப்பு எங்கே, பாத்தி எங்கே என்று அடையாளம் தெரியாது. வேலையில்லாத மாதங்கள் அவை. வாருபலகைகள் கொட்டகைக்குள் சாய்ந்திருக்கும். அப்போதுதான் பூநாரைகளும் உள்ளான்களும் வந்து இறங்கும். மழை விட்டதும் தண்ணீரை வடித்து, சேற்றைச் சரிசெய்து, பாத்தியை மிதிப்பார்கள். மிதித்த தரையில் ஆட்களின் காலடிகள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும், ஈரம் காயும் வரை. பிறகு தண்ணீரைத் தேக்கும் தெப்பத்தில் தண்ணீர் ஏறும். பாத்திக்குப் பாத்தி மாற மாற அதன் கனம் கூடும், நிறமும் மாறும். முதலில் வானத்தின் நிறத்தை வாங்கி வைத்திருக்கும். அப்புறம் மங்கலான பச்சை. இன்னும் கெட்டியானால் இளஞ்சிவப்பு. மிகையான உப்பில் மட்டுமே செழிக்கும் நுண்ணுயிர்கள் கொடுக்கும் நிறம் அது. கடைசியில் ஒரு நாள், பாலில் ஆடை படிவதுபோலத் தண்ணீர் மேல் மெல்லியதாக ஒன்று படியும். காற்று அதை உடைக்கும், அது அடியில் போய்ச் சேரும், மறுபடியும் மேலே படியும். உப்பு இப்படித்தான் உண்டாகிறது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அதே மைல்கல் பக்கத்தில் தினமும் ஒரு படம் எடுத்தால் போதும், இவ்வளவும் உங்கள் போனுக்குள் வந்துவிடும். ஒரு நாள் வந்து போகிறவரால் இதை எடுக்கவே முடியாது.

அழகைத் தேடினால் அங்கே வேலை செய்பவர்களின் கஷ்டம் மறைந்துபோகாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ராஜம் கிருஷ்ணன் இந்த அளத்துத் தொழிலாளிகளைப் பற்றி 1979-ல் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். கண்ணைக் கூசவைக்கும் அந்த வெண்மைக்குள் எத்தனை பேரின் உடம்பு தேய்கிறது என்பதை அந்த நாவலைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். என் அனுபவத்தில், ஒரே ஒரு நிழற்படம்தான் கஷ்டத்தை மறைக்கிறது. முகமில்லாத, பெயரில்லாத, அழகான ஒரு கோடு மட்டும் அதில் மிஞ்சும். தினமும் எடுக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. முதல் நாள் அம்பாரத்தை எடுத்தவர் அடுத்த வாரத்துக்குள் பாதத்து வெடிப்பை எடுத்திருப்பார், கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்கச் சுற்றிய துண்டை எடுத்திருப்பார், நிழலே இல்லாத இடத்தில் மதியச் சோறு தின்பதை எடுத்திருப்பார். சேறு கலக்காமல் உப்பை மட்டும் வாரி இழுக்க எவ்வளவு கைப்பக்குவம் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கைப்பக்குவமும் ஓர் அழகுதான். கஷ்டத்தையும் அதையும் பிரித்து எடுக்க முடியாது.

ஓர் அளத்தில் படமெடுக்கலாமா என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். "என் மூஞ்சிய எதுக்குய்யா எடுக்கிய? உப்பப் பாரும்" என்று சொல்லிக் கையில் கொஞ்சம் அள்ளி நீட்டினார். "கல்லு நல்லா விழுந்திருக்கு" என்றார். உண்மையிலேயே ஒவ்வொரு கல்லும் சதுரம் சதுரமாக, ஓரம் மழுங்காமல் இருந்தது. எது அழகு என்று அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது. அதை நான் தேடி வந்திருக்கவில்லை. அவர் காட்டியதால் எடுத்தேன். இன்றுவரை என் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கை.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஒரு வழி சொல்கிறேன். நம் கரை கிழக்குப் பார்த்தது. காலையில் கடற்கரைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சூரியனைப் பார்த்துப் போனை நீட்டுகிறார்கள். நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அந்த வெளிச்சம் எதன் மேல் விழுகிறது என்று பாருங்கள். பீச் ரோட்டில் பழைய சுவர்களில் காரை உதிர்ந்த இடமெல்லாம் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பொன்னிறமாகத் தெரியும். திரேஸ்புரத்தில் மீனை ஏலம் கூறும் இடத்தில் பெண்களின் முழங்கை வரை செதில் ஒட்டியிருக்கும். கையை ஆட்டிப் பேசும்போது மினுங்கும். வலையைச் சீர்பார்க்கிறவர் கால் பெருவிரலில் கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியை ஓட்டிக்கொண்டிருப்பார். நெத்திலி காயும் மணலில் காக்கை விரட்ட ஒரு பாட்டி கம்போடு உட்கார்ந்திருப்பார். சூரியனைப் பார்த்து நின்றவர் யாரும் இவர்களைப் பார்த்திருக்க மாட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் பழைய வர்ணத்தைச் சுரண்டுவார்கள். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் சிவப்பு என்று ஒரு படகின் பல வருடங்கள் ஒரே பலகையில் தெரியும். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்கோ லட்சத்தீவுக்கோ போகும் தோணியில் மூட்டைகள் ஏற ஏற, அதன் உடம்பு தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இரவில், காற்றாலை இறக்கையை ஏற்றிய நீள லாரி துறைமுகத்துக்குத் திரும்பும் வளைவில், 70 மீட்டரைத் தாண்டும் அந்த ஒற்றை இறக்கை திரும்பி முடியும் வரை மொத்தச் சாலையும் நின்று பார்க்கும். டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்பார். அந்த லாரியை விட அவர் முகம் நல்ல படம். தெற்கே குதிரைமொழித் தேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் அந்தச் செம்மணல் உங்கள் ஊரையே புதிதாக மாற்றி வைத்திருக்கும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் இவையெல்லாம் தீர்ந்துவிடும். சூரியோதயம், கோபுரம், பூனை, பாட்டி எல்லாம் எடுத்தாகிவிடும். எடுக்க ஒன்றுமே இல்லை என்று தோன்றும் மாதம் ஒன்று வரும். பலர் அங்கே விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மாதத்தில்தான் கண் வேலை செய்யத் தொடங்கும். அடுப்படி ஜன்னல் வெளிச்சம் எத்தனை மணிக்கு அரிசிப் பானை மேல் விழுகிறது, ஆடி மாதத்தில் அது எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதெல்லாம் அப்போது தெரியவரும். தம்பி தூங்கும்போது கை எங்கே போகிறது என்று தெரியவரும். தேடிப் போய் எடுத்த எதையும் விட இவை நிலைத்து நிற்கும்.

இப்படி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31-ல் தொடங்கி ஒரு நாளுக்கு ஒரே ஒரு போலராய்டு படம் என்று எடுத்துவந்தார். 1997 அக்டோபர் 25 அன்று, தன் 41-வது பிறந்தநாளில் புற்றுநோயால் இறக்கும் வரை எடுத்தார். அந்தப் படங்களில் பல, நண்பர்கள் சாப்பிடுவதும் சும்மா உட்கார்ந்திருப்பதும்தான். வரிசையாகப் பார்க்கும்போது ஒரு மனிதரின் வாழ்க்கை கண் முன்னால் ஓடி முடிந்துவிடுகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். எம். பழனி குமார் மதுரைக்காரர். அவருடைய அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் பாரி ஆவணகத்தின் படக்கலைஞர் அவர். நம் வளைகுடாவிலேயே, ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகரில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கக் கடலுக்குள் மூழ்கும் பெண்களை அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். விரல் கிழியாமலிருக்கச் சுற்றிய துணி, தண்ணீருக்கடியில் திறந்திருக்கும் கண்கள். அவர்களைக் கணக்கெடுக்க வந்தவர் எடுத்த படங்களாக அவை இல்லை. உறவுக்காரர் எடுத்தவையாக இருக்கின்றன. 2022-ல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இப்போது கேமரா பிடிக்கவும் சொல்லித்தருகிறார். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் கொரோனா ஊரடங்கில் சொந்த வீட்டுக்குத் திரும்பி, அந்த வீட்டுக்குள்ளேயே தன் குடும்பத்தாரை எடுத்தார். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. இருவருமே எடுப்பதற்குப் பெரிய விஷயம் தேடி வெளியே ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தொழில் விஷயமாகச் சில வார்த்தை. உப்பளத்தில் எடுத்தால் உப்பு சாம்பல் நிறமாக விழுகிறது என்று நினைப்பீர்கள். போன் எதைப் பார்த்தாலும் சராசரி வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்க்கும். வெள்ளையைப் பார்த்தால் இருட்டாக்கும். திரையில் உப்பைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள், வெள்ளை திரும்பி வரும். கறுத்த முகங்களை எடுக்கும்போது முகத்தைத் தொட்டே வெளிச்சம் வையுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நம் மக்களின் நிறம் நம் மக்களின் நிறமாகவே இருக்கட்டும். கடல்காற்றில் லென்ஸ் மேல் உப்புப் படியும். சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தால் கீறும். முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பெரிதாக்க விரலால் இழுக்காதீர்கள், இரண்டடி முன்னால் நடந்து போங்கள்.

வாரத்தில் ஒரு நாளாவது ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் நின்று கரையை எடுங்கள். இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் கரை நிற்கிற கரை இல்லை. பாண்டியர் கப்பல் நின்ற கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்து போட்ட மண்ணால் இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில், நம் பக்கத்து விலாங்குசல்லி தண்ணீருக்குள் போய்விட்டது. வான் தீவு சுருங்கிச் சுருங்கி, அதைக் காப்பாற்றக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தின் விளைவு இது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2017-ல் கோஸ்ட்ஸ்னாப் என்ற வேலையைத் தொடங்கினார்கள். கடற்கரையில் போனை வைக்க ஒரு தாங்கி இருக்கும். நடைக்கு வருகிறவர்கள் போனை அதில் வைத்து எடுத்து அனுப்புவார்கள். பல பேர் பல நாட்களில் எடுத்த அந்தப் படங்களிலிருந்து கரை எவ்வளவு நகர்ந்தது என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். உலகின் பல கரைகளுக்கு அது பரவியிருக்கிறது. நம் கரைக்குத் தாங்கி வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கல்லையோ சுவர் மூலையையோ அடையாளம் வைத்துக்கொண்டு எடுக்கத் தொடங்குங்கள். உங்களுக்கு அழகாகத் தெரிந்தது நாளை யாருக்கோ சாட்சியாகும்.

சில கட்டுப்பாடுகள். துறைமுகத்துக்குள் அனுமதியில்லாமல் படமெடுக்காதீர்கள். 1974-லிருந்து அது பெருந்துறைமுகம், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் காவலில் உள்ள இடம். தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அம்மாமாரையும் அக்காமாரையும் கேட்காமல் எடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். எடுத்தால் அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். இறந்த வீட்டில் கேட்டால் மட்டும் எடுங்கள். குழந்தைகள் படத்தைப் பொதுவெளியில் போடவே போடாதீர்கள். கம்ப்ரெசர் மாட்டிக்கொண்டு சங்கு குளிக்கப் போகிறவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் போகிறார்கள். அவர்கள் கிளம்பும் நேரத்தில் குறுக்கே நின்று நேரம் கடத்தாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. உங்கள் படங்கள் எல்லாம் போனோடு போய்விடும். போன் தண்ணீரில் விழும், தொலையும், நிறைந்துவிட்டது என்று அழிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரும்பாலும் படம் மெலிந்துதான் போய்ச் சேரும். நம் பாட்டன்மாருக்குப் படம் எடுக்க வழியில்லை என்று வருந்துகிறோம். லட்சக்கணக்கில் எடுத்த தலைமுறையின் படம் ஒன்றுகூட மிஞ்சாமல் போனால் அது அதைவிடப் பெரிய இழப்பு. ஆகவே மாதத்துக்கு நாலே நாலு படத்தைத் தேர்ந்து ஸ்டுடியோவில் கொடுத்து பிரிண்ட் போடுங்கள். ஒரு டீ, வடைச் செலவுதான் ஆகும். பின்பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள், இடம் எழுதுங்கள், படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊர் கூப்பிடும் பட்டப்பெயரையும் எழுதுங்கள். தர்ஸ்டனும் ஹார்னெலும் எழுதாமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான்.

உங்கள் கல்லூரி நூலகரிடம் போய் ஓர் அலமாரித் தட்டு கேளுங்கள். வருடக் கடைசியில் ஆளுக்கு ஓர் ஆல்பம் அங்கே வையுங்கள். வேம்பார் பிள்ளை எடுத்ததும் மணப்பாட்டுப் பிள்ளை எடுத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். நூலகர் மறுத்தால் உங்கள் ஊர்க் கோயில், பள்ளிவாசல், சங்கக் கட்டடம் என்று எங்காவது பூச்சி அரிக்காத, ஈரம் ஏறாத ஓர் இடம் பாருங்கள். முதல் படத்தை நாளைக்கே எடுங்கள்.

அன்புடன்,
பழைய துறைமுகப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்